ஆ-ஹோங்கைக் கொண்டுபோக வந்தார்கள்

சுயிலியென் மொட்டைமாடிப் படியின் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைத் தாண்டிப் போங்கடா, பார்ப்போம்!"

கீழ்ப்படிகளில் மூன்று பேர் நின்றார்கள். இரும்புப் பெட்டியைச் சுமந்துவந்த இரண்டு வனத்துறை ஆட்கள். மயக்க ஊசியோடு ஒரு கால்நடை மருத்துவர். அவள் சின்னப் பெண். முப்பது வயதுகூட இராது.

மேலே கூண்டுக் கம்பியை ஆ-ஹோங் உலுக்கும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

அந்தத் தெருவுக்கே அவனைத் தெரியும். சுயிலியெனின் முதுகைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் சந்தைக்குப் போன ஒராங்குட்டான் குட்டி. கொய்யாத்துண்டில் பிளம் பொடி தூவாவிட்டால் தூக்கி எறிவான். வளர்ந்தபின் குளிர்பதனப் பெட்டியின் கதவைப் பிய்த்தான். பக்கத்து வீட்டுக்காரரின் விரலை ஒடித்தான். அன்றிலிருந்து கூண்டு.

இப்போது சட்டம் வந்திருக்கிறது. வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம்.

"ஏன்டி, உனக்குப் பிள்ளை இருக்கா? பெத்தவ வேண்டாம்னு காட்டுல போட்டுட்டுப் போனதை எடுத்து வளர்த்தவ நான்! தாய்கிட்ட இருந்து பிள்ளையைப் பிடுங்கறீங்களே, நீங்கள்லாம் மனுஷங்களா?"

செருப்பைக் கழற்றி வீசினாள். அது மருத்துவரின் தோளில் பட்டு விழுந்தது. அவள் நகரவில்லை.

"விட்டுடு," என்று கீழே வாசலிலிருந்து குவோதுங் சொன்னான். "அபராதம் போடுவாங்க."

சுயிலியெனின் கணவன். மரம் ஏற்றிவரும் கப்பலில் சமையல்காரனாக இருந்தபோது போர்னியோவிலிருந்து குட்டியைக் கொண்டுவந்தவன்.

"நீ வாயைத் திறக்காத! கையில கொடுத்துட்டு மறுபடி கப்பல் ஏறினவன்தானே நீ! ராத்திரி பகலா பால் கொடுத்தது நீயா, நானா?"

மருத்துவர் இரண்டு படி ஏறி வந்து, அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அப்புறம் திட்டுங்க. ஊசி போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். குட்டியா வந்தப்ப இவன் உடம்புல காயம் ஏதாவது இருந்துச்சா?"

"எதுக்கு?"

"இதுங்கள்ல தாய் குட்டியை விடவே விடாது, அக்கா. தாயைச் சுட்டுக் கீழ தள்ளித்தான் குட்டியை எடுப்பாங்க. குண்டு இவன் மேலயும் பட்டு உள்ளயே தங்கியிருந்தா ஆபத்து."

கம்பிச் சத்தம் சட்டென்று நின்றது.

"இல்ல," என்றாள் சுயிலியென். "காயம் எதுவும் இல்ல."

பிறகு நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். இரும்புப் பெட்டி அவளைக் கடந்து மேலே போனது.

காயம் இல்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அன்று குவோதுங் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தபோது குட்டியின் மார்பு முடியெல்லாம் கறுத்து, காய்ந்து, முள்முள்ளாக நின்றது. அரிசி களையும் பாத்திரத்தில் வெந்நீர் விட்டுக் குளிப்பாட்டினாள். தண்ணீர் சிவந்தது. கொட்டிவிட்டு வேறு ஊற்றினாள். மறுபடியும் சிவந்தது. எங்கே அடிபட்டதோ என்று பதறி, அக்குள், கழுத்து, வயிறு என்று முடியை விலக்கி விலக்கித் தேடினாள்.

ஒரு கீறல்கூட இல்லை.

துவட்டி, மடியில் போட்டு, வாயில் பால்புட்டியை வைத்தாள். கணவனிடம் எதுவும் கேட்கவில்லை.