கலங்கல் நீருக்குக் காவல்

இனி ஒரு துளிச் சேறும் நம் நதிகளைத் தீண்டாது என்று சபதமெடுத்த மாநகராட்சி, கட்டட வேலை நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் குழியில் தேங்கும் நீரை வெளியே விடும் மதகருகே ஓர் இயந்திரக் காவலரை நிறுத்தியது. கலங்கல் தண்ணீரை வெளியே விடுகிறவர் கையை அது உடைக்கும். கட்டட அனுமதியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

அடைமழையில் அஸ்திவாரக் குழியின் மண் சரிந்தது. கம்பி கட்டும் மரியசூசை இடுப்புவரை புதைந்தான். தண்ணீர் கழுத்துக்கு ஏறியது.

"அக்கா, மதகைத் திறங்க!"

மேஸ்திரி தெய்வானை மதகில் கை வைத்தாள்.

"தண்ணீர் தெளியட்டும், அம்மா" என்று பணிவாகச் சொல்லி, காவலர் அவள் கை எலும்பை முறித்தது.

"அவன் செத்தப்புறம் தெளியுமாடா, தகர டப்பா?" மிச்சமிருந்த கையால் சம்மட்டியை வீசி அதன் மண்டையைப் பிளந்தாள். மதகைத் திறந்தாள்.

மரியசூசை பிழைத்தான். கலங்கல் தண்ணீர் நதிக்குப் போகாமல் தெருவிலேயே தேங்கி நின்றது. மாநகராட்சி அங்கே இன்னும் வடிகால் வெட்டவில்லை.