நரிக்குத் தமிழ் தெரியாது

ஆய்வுக்கு வந்திருந்த கல்வி அலுவலர் திலகவதி, இரண்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். மடியில் மதிப்பீட்டுப் படிவம். ரெஜினா டீச்சர் கையில் ஒரு பழைய சிவப்பு சாக்ஸ். இரண்டு பொத்தான்களைக் கண்ணாகத் தைத்ததும் அது நரியாகிவிட்டது. நரிக்குத் தமிழ் தெரியாது, அதனிடம் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்பது வகுப்பின் சட்டம். "வாட் டூ யூ வாண்ட்?" என்று அது ஒவ்வொருவரிடமாகக் கேட்டது. "ஐ வாண்ட் மேங்கோ!" "ஐ வாண்ட் ரயிலு!" வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. படிவத்தை மறந்து திலகவதியும் சிரித்தார்.

நரி பூவிழியிடம் வந்தது. கேட்டுவிட்டுக் காத்திருந்தது. அவ்வளவு இரைச்சலும் சட்டென்று அடங்கிப்போனது. பூவிழியின் உதடு மெல்லப் பிரிந்தது. "ஐ..."

"பயப்படாம சொல்லும்மா! தண்ணி வேணுமா? வாட்டர்னு சொல்லு!" என்றார் திலகவதி, நல்ல மனசோடுதான். கெட்ட மனசோடு சொல்லியிருந்தால் பிறகு அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

உதடு மூடிக்கொண்டது. பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

மணி அடித்ததும் ரெஜினா அருகில் வந்தார். "ஸ்கூல்ல சேர்ந்து ஒன்றரை வருஷமாச்சு, மேடம். இன்னைக்குத்தான் வாயத் திறந்தா." குரலில் கோபம்கூட இல்லை.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் பூவிழி எழுந்திருக்கவில்லை. திலகவதி மேசையில் கிடந்த சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு அவள் முன்னால் மண்டியிட்டார். நரி வாயைத் திறந்தது.

பூவிழி இரண்டு விரலால் அந்த வாயை மெதுவாக அழுத்தி மூடினாள்.