பாஸ்காப் பூசையில் ஒரு கொட்டாவி

அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

எழுந்திரு, என்று அவள் தன் முழங்கால்களுக்குச் சொன்னாள்.

அவை கேட்கவில்லை. பழக்கம் அப்படி. அப்பம் வாங்கியதும் மோவாயைச் சற்று உயர்த்திக் காத்திருக்க வேண்டும். அடுத்தது கிண்ணம் வரும். உதட்டில் உலோகம் சில்லென்று படும், ஒரு வாய் திராட்சை இரசம் கிடைக்கும். அவள் ஊரில் சில வருடங்களாக அப்படித்தான் ஆகியிருந்தது. சில வருடமே அவளுக்குப் பிறவிப் பழக்கம்போல ஊறிவிட்டது.

இந்த ஊரில் சனங்களுக்கு அப்பத்தோடு சரி. கிண்ணம் குருவானவருக்கு மட்டும்.

கான்ஸ்டான்ஸ் நகரில் அவள் நாட்டுப் போதகர் ஒருவரை உயிரோடு எரித்த நாளிலிருந்து பொஹேமியா முழுவதும் இந்த ஒரு வாய் இரசத்துக்காக வெட்டிக்கொண்டு செத்தது. அவள் ஊரும் எரிந்தது. ஒளிய வேறு இடம் கிடைக்காமல், போயும் போயும், எரித்தவர்களின் ஊரிலேயே துணி வெளுக்க வந்து சேர்ந்திருந்தாள்.

தூணோரம் இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள். பூசை காண வந்தவர்கள் இல்லை. மோவாய்களைப் பார்க்க வந்தவர்கள்.

வேறு எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே பேச்சு, ஒரே உடுப்பு, ஒரே செபம். கிண்ணக்காரி என்று நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

போன வாரம் குருத்து ஞாயிறன்று ஒரு செருப்புத் தைப்பவன் மாட்டினான். பாவம், ஒரு வார்த்தை பேசவில்லை அவன். அப்பத்தை விழுங்கிவிட்டு, ஒரு மூச்சு நேரம் அதிகமாக மண்டியிட்டிருந்தான். மதியமே அவனைப் பழைய வெள்ளிச் சுரங்கத்துக்குள் தள்ளிவிட்டார்கள். விழுந்த சத்தம் வரவே இல்லை என்று ஆற்றங்கரையில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

உயிர்ப்புப் பெருநாளான பாஸ்காவுக்கு வராமல் வீட்டில் இருந்தால் வீட்டுக்கே வந்து கூட்டிப்போவார்கள்.

தோளில் மகள் டோரோட்கா தூங்கினாள். மூன்று வயது. அவளும் கிண்ணக்காரிதான். அவர்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் நற்கருணை உண்டு, சின்னக் கரண்டியில் ஒரு துளி இரசம். இங்கே குழந்தைகளுக்கு ஒன்றுமே கிடையாது. குருவானவரைக் கண்டால் இந்தப் பிள்ளை குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறக்கும். சொல்லிப் புரியவைக்கிற வயதும் இல்லை.

அதனால் விடியவிடியத் தூங்கவிடவில்லை. பாடினாள், கிச்சுகிச்சு மூட்டினாள், கடைசியில் கிள்ளினாள். பெற்றவள் செய்கிற வேலையா அது? செய்தாள். குழந்தை இப்போது துணிமூட்டையாகக் கிடந்தது.

எழுந்தாள். எப்படியோ எழுந்துவிட்டாள்.

மோவாய் தாழ்ந்தே இருந்தது. சிப்பாயின் பார்வை அடுத்த முகத்துக்குப் போய்விட்டது.

பிழைத்தோம் என்று அவள் நினைத்தபோது, அவளுக்கு அப்பம் கொடுத்த கை பக்கவாட்டில் நீண்டது.

விரல்கள் கொஞ்சம் குழிந்திருந்தன. எதையோ வாங்கிக்கொள்ள நீட்டிய கை. அங்கே யாரும் இல்லை. அவள் ஊர்க் கோயிலாக இருந்தால், கிண்ணத்தை ஏந்திக்கொண்டு ஓர் ஆள் அங்கேதான் நிற்பான்.

அப்போதுதான் அவள் குருவானவரின் முகத்தைப் பார்த்தாள். வயதான முகம். தன் கையைத் தானே பார்த்து வெளிறிப்போயிருந்தது.

இவருமா!

எந்த ஊரில் கிண்ணம் கொடுத்தாரோ, யார் காலில் விழுந்து இனிமேல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு இங்கே வந்தாரோ. கையை மடக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

சிப்பாய் திரும்பினான்.

போய்விடலாம். அவள் முறை முடிந்துவிட்டது. அவர் மாட்டிக்கொண்டால் அவளை யாரும் கவனிக்கப் போவதில்லை. நினைத்துவிட்டாள், வெட்கப்பட நேரமில்லை.

ஓரடி பக்கவாட்டில் வைத்தாள். தோளைச் சாய்த்து, குழந்தையின் தலையை அந்தக் கைக்குக் கீழே கொடுத்தாள்.

கை தலையில் இறங்கியது. பார்க்கிறவர்களுக்கு அது ஆசீர்வாதம்.

டோரோட்கா விழித்துக்கொண்டாள்.

மெழுகுவர்த்தி. பட்டு அங்கி. தலையில் பெரியவர் கை. எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான்.

வாயைத் திறந்தாள்.



குருவானவர் கட்டைவிரலால் அந்தச் சின்ன வாய்மேல் சிலுவை போட்டார். கொட்டாவி விடும்போது பிசாசு உள்ளே புகாமல் இருக்க எல்லா வீட்டிலும் போடுகிற சிலுவை.

"பிள்ளைக்குத் தூக்கம் சொக்குது," என்றார், தூண்வரை கேட்கிற மாதிரி. "கொண்டுபோய்ப் படுக்க வையும்மா."

சிப்பாய் சிரித்துவிட்டான். கொட்டாவி தொற்றிக்கொள்ளும் அல்லவா, தானும் ஒன்று விட்டு வாய்மேல் சிலுவை போட்டுக்கொண்டான். கூட இருந்தவனும் சிரித்தான்.

அவள் நடந்தாள். ஓடக்கூடாது. வாசலுக்கு அந்தத் தூணைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினாள். சிரிப்புச் சத்தம் இப்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது. தோளுக்கு மேலே டோரோட்கா பின்னால் சிப்பாய்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொட்டாவி என்றால் முடிய வேண்டும்.

அவள் குழந்தையின் தலையைப் பிடித்துத் தன் கழுத்தோடு அழுத்தினாள். ஈரமான சின்ன உதடுகள் கழுத்தில் பட்டன. இரசத்துக்காக இன்னும் திறந்தே இருந்தன.

பின்னால் சிரிப்பு நின்றது.