நிச்சயத்துக்கு முன் ஓர் ஆட்டம்

ஜவ்வாது மலையடிவாரத்தில், படவேட்டு வீட்டுக் கூடத்தில் அன்று இருந்தவர்கள் கோபால்சாமி, அவர் மனைவி மங்கம்மாள், பெண் பார்க்க வந்த தங்கவேல், அவன் தாய் ஜெயம்மாள். பெண் அம்சவல்லி அடுக்களைக்குள் இருந்தாள்.

சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டியைத் தங்கவேல் டிவியில் மாட்டினான். திரையில் இரண்டு மட்டைகள், ஒரு பந்து.

“பொண்ணும் ஒரு ஆட்டம் ஆடட்டுமே” என்றாள் ஜெயம்மாள்.

“நிச்சயம் ஆவாம எங்க வூட்டுப் பொண்ணு மாப்பிள்ளை பக்கத்துல உக்காராதுங்க. நானே ஆடறேன்.” கோபால்சாமி மட்டையை நகர்த்தும் கைப்பிடி ஒன்றை வாங்கிக்கொண்டார்.

வெளுத்து வாங்கினார். நடுவில் இரண்டு தும்மல் போட்டபோதும் அவர் மட்டை பந்தை விடவில்லை.

“இன்னா மாப்ளே, அவ்ளோதானா?”

“உங்க வூட்டு ஆளுங்ககிட்ட ஜெயிக்க முடியுமா மாமா?” என்று தங்கவேல் சிரித்தான்.

பெருமையோடு எழுந்தார் கோபால்சாமி. கைப்பிடியின் ஒயர் முழுசாக அவரோடு வந்தது. அது எதிலும் மாட்டியிருக்கவில்லை. பெட்டியில் மாட்டியிருந்த வேறொரு ஒயர் அடுக்களைப் பக்கம் போயிருந்தது. அங்கே கதவிடுக்கில் டிவியைப் பார்த்தபடி அம்சவல்லி, கையில் இன்னொரு கைப்பிடியோடு.

கோபால்சாமி தொண்டையைச் செருமினார். “நிச்சயத்த நாளைக்கே வெச்சிக்கலாங்க.”

பெண்ணும் மாப்பிள்ளையும் முன்கூட்டியே ஒன்றாக உட்கார்ந்து ஆடினார்கள் என்று கணியம்பாடி வரை பேச்சு. அது சுத்தப் பொய். நடுவில் கதவு இருந்தது.