வலது கன்னத்து மச்சம்

ஜெசிந்தா பிறக்கும் முன்பே அப்பா இறந்துபோய்விட்டார். அவர் இருந்த ஒரே பிலிம் சுருளைப் பார்த்து ஒரு கம்பெனி அவரை நடமாடும் ஆளாக மறுபடி செய்து கொடுத்தது. அறுபது வயது மகளும் முப்பது வயது அப்பாவும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

பழைய புரொஜெக்டருக்கு பெல்ட் கிடைத்ததும், ஜெசிந்தாவே பிலிமைப் பல்சக்கரத்தில் கோத்து ஓட்டினாள். இரண்டு ஓரமும் துளை உள்ள பிலிம், எந்தப் பக்கம் கோத்தாலும் ஓடும். சுவரில் அப்பா சிரித்தார். மச்சம் இடது கன்னத்தில் இருந்தது.

பக்கத்தில் நின்ற அப்பா தன் வலது கன்னத்து மச்சத்தைத் தடவினார். "திருப்பிக் கோத்திட்டியே மக்ளே."

சுவரில் அவருக்குப் பின்னால் சைக்கிள் கடைப் பலகையின் எழுத்து நேராகத்தான் இருந்தது. திருப்பிக் கோத்தது கம்பெனி.

"ஆமாப்பா" என்று அவள் பிலிமைப் புரட்டிக் கோத்தாள். இப்போது கண்ணாடியில் தெரிவதுபோல் மாறியிருந்த அந்த எழுத்தை, அப்பா தடுமாறாமல் வாசித்தார்.