பத்திரமாக இருந்த கடிதம்

தேன்மொழியின் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் ஒரே மின்னஞ்சல் பெட்டி. எது முந்துகிறதோ அது கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும்; மற்றதற்குப் பெட்டி காலி.

சனிக்கிழமை, பூட்டிய ஆபீஸில் அணைக்காமல் விட்டிருந்த கம்ப்யூட்டர் ஒரு கடிதத்தை எடுத்து வைத்தது. திங்கட்கிழமைதான் தேன்மொழி படித்தாள். நாலு வருஷமாகப் பேசாத தம்பி எழுதியிருந்தான்:

“அக்கா, ஞாயித்துக்கிழமை காலைல உங்க ஊர் ஸ்டேஷன்ல ரயில் மாறுறேன். வந்தா பார்க்கலாம். வரலைன்னா உன் கோபம் தீரலைன்னு புரிஞ்சுக்கிறேன்.”

“ஒரு நகலைப் பெட்டியிலேயே விட்டிருக்கலாமே?” என்றது வீட்டுக் கம்ப்யூட்டர்.

“பத்திரமாத்தானே வெச்சிருந்தேன்? ஒரு எழுத்துகூட அழியலை,” என்றது ஆபீஸ் கம்ப்யூட்டர்.

“ஞாயித்துக்கிழமை காலைல அவ என் முன்னாடிதான் உட்கார்ந்திருந்தா. ‘புதிய கடிதம் ஏதுமில்லை’ன்னு நான்தான் சொன்னேன்.”