வெடிக்காத நுனி

ஒரு நுனிகூட வெடித்திருக்கவில்லை.

பார்லர்க்காரி சிறுமியின் முடியை ஒரு கற்றையாகப் பிடித்து முறுக்கினாள். முறுக்கினால் வெடித்த முடிகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு வந்துவிடும். எதுவும் வரவில்லை.

இன்னொரு கற்றையை எடுத்தாள். அதிலும் இல்லை.

ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும். இரண்டாகப் பிளந்து, வறண்டு, பழுப்பேறிய ஒன்று. அதைப் பின்னால் உட்கார்ந்திருப்பவளிடம் தூக்கிக் காட்டி, நீ பிள்ளை வளர்க்கிற லட்சணம் இதுதானா என்று கேட்கலாம். வாயால் கேட்க முடியாது. முகத்தால் கேட்கலாம்.

பின்னால் இருந்தவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைக்குக் குளித்தால் எப்படித் துவட்டுகிறீர்கள் என்று விசாரித்தாள் பார்லர்க்காரி. பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பேன், தேய்ப்பதில்லை என்றாள் அவள். ஈரத்தோடு சீவுவதுண்டா? காய்ந்த பிறகுதான், அதுவும் பெரிய பல் சீப்பால். சூடான காற்று? அந்த மெஷினே வீட்டில் கிடையாது. தூங்கும்போது? தளர்வாக ஒரு பின்னல்.

எல்லாமே சரி. பரீட்சை வைத்தவளுக்குத்தான் வியர்த்தது.

எரிச்சலில், தொழிலுக்கு வந்த புதிதில்கூடச் செய்யாத தப்பைச் செய்தாள். நுனியில் சிக்கெடுக்காமல் உச்சியிலிருந்து நேராக இழுத்துவிட்டாள்.

சிறுமி கழுத்தைச் சுருக்கிக்கொண்டாள்.

"எங்கம்மா சீவுனா வலிக்கவே வலிக்காது, ஆன்ட்டி."

சீப்பு அப்படியே நின்றது.

போன தடவை பார்லர்க்காரியே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். வெடிப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று. பின்னால் இருந்தவள் அதை மறக்கவில்லை. இப்போது எப்படி இருக்கிறது, இனி அடுத்த வருஷம் வந்தால் போதுமா என்று கேட்டாள்.

ஒரு வருஷம். அதற்குள் பிள்ளை தோள் உயரம் வளர்ந்துவிடும். உயரத்துக்காக இந்த நாற்காலியில் வைக்கிற பலகை தேவைப்படாது.

நிறைய வெடித்திருக்கிறது, இரண்டு மாதத்தில் கட்டாயம் வரவேண்டும் என்றாள் பார்லர்க்காரி. குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

பின்னால் இருந்தவள் எழுந்து வந்தாள். நுனியை விரலிடுக்கில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை பக்குவமாக முடி வளர்க்கிறவளுக்கு வெடிப்பு எது, நல்ல நுனி எது என்று தெரியாமலா போகும்?

"ஆமா. வெடிச்சுதான் இருக்கு."

பார்லர்க்காரி அரை விரல்கடை வெட்டினாள். தரையில் விழுந்தது அத்தனையும் நல்ல முடி.

வெட்டி முடித்ததும், போய் செருப்பைப் போட்டுக்கொள் என்று சிறுமியை வாசலுக்கு அனுப்பினாள் கூட்டி வந்தவள். பிள்ளை கதவைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்தாள்.

"பெத்தவங்க நீங்க. பாக்காம எப்படி இருப்பீங்க, அக்கா? வீட்டுல அவர் கேட்டா நானும் முடி வெடிப்புன்னுதான் சொல்லிட்டு வரேன்."

பார்லர்க்காரி துடைப்பத்தை எடுத்தாள்.

போதாக்குறைக்கு நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாள்.